மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்

கிளைப்பெடா துறைமுகத்தில் நவம்பர் என்றால்
பக்கவாட்டில் பெய்யும் மழை.
குடையை வாசலில் சாத்திவிட்டு
பதினோரு ஆண்டுகளாக ஆள் எடுக்கிறேன்,
லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்துக்கு.

மேசையில் ஒரு பச்சை நோட்டு. என் கையெழுத்து.
"கைகுலுக்கலில் பலமில்லை."
"கண்ணைப் பார்த்துப் பேசவில்லை."
"நம்மோடு ஒட்டுவாரா? சந்தேகம்."
"காலரில் அழுக்கு."
இரவுப் பணி முடிந்து நேராக வந்தவன் அவன்.
அதையும் நானே கீழ்வரியில் எழுதியிருக்கிறேன்.
எழுதியும் உறைக்கவில்லை.

சென்ற வசந்தத்தில் கணக்குப் பார்த்தேன்.
எடுத்தவர்கள் முப்பத்தொரு பேர்.
ஓராண்டு தாண்டியவர்கள் பன்னிரண்டு.
அந்தப் பன்னிரண்டில் எட்டுப் பேரை
அரைமனதாகத்தான் எடுத்திருக்கிறேன்,
வேறு யாரும் கிடைக்காத மாதங்களில்.

ஒரு பக்கத்தில் ரிமான்டஸ் நோர்வைஷா.
ஐந்தாண்டு கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று
கேட்டிருக்கிறேன், எல்லோரிடமும் கேட்பதுபோல
(எனக்கே பதில் தெரியாத கேள்வி).
அவர் சொன்னது:
"மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில்."
பக்கத்தில், சிவப்பு மையில், நான்:
"திமிர்."

லிஃப்ட் வேறெங்கே நின்றுபோகும்?
அழைத்துப் பார்த்தேன்.
அந்த எண் இப்போது ஒரு பூக்கடைக்குப் போகிறது.

நோட்டை இழுப்பறையில் பூட்டினேன்.
எரிக்கவில்லை. நாடகம் எதற்கு.
கிடங்கில் கிடந்த பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியை
நான்கு பேர் மூச்சிரைக்கத் தூக்கி வந்து
நேர்காணல் அறையில் வைத்தார்கள்.
சோஃபாவுக்கு இடமில்லை, தாழ்வாரத்துக்குப் போயிற்று.
ஒரு ரிலேவைத் திட்டமிட்டுக் கெடுத்து வைத்தார்
மூத்த மெக்கானிக் வைடோடஸ்.
விண்ணப்பங்களில் பெயர், வயது, படம் மூன்றையும்
கறுப்பு டேப்பால் மறைத்தாள் உக்னே.
கேள்வி நான்கு. எல்லோருக்கும் அதே நான்கு.
பெட்டி முன்னால் இரண்டு மணி நேரம், அதற்குக் கூலி.

வேலைக்கே சேராதவனுக்குக் கூலியா, என்றார் இயக்குநர்.
இரண்டு மணி நேரம் வேலைதானே செய்கிறார்கள், என்றேன்.
விளம்பரத்தில் சம்பளத்தையும் போட்டோம்.
முன்பு "தகுதிக்கேற்ப" என்று போடுவோம்,
அதாவது
கேட்கிறவரின் துணிச்சலுக்கேற்ப.

முதல் நாள் இயக்குநரின் மைத்துனர் மகன்.
நல்ல கைகுலுக்கல், வெண்ணெய் தடவிய பேச்சு.
மின்சாரத்தை நிறுத்தாமல் பெட்டியைத் திறந்தான்.
வைடோடஸ் முன்பே இணைப்பைப் பிடுங்கியிருந்ததால்
போனது வேலை மட்டும்.

எண் ஏழு, ஒரு பெண்.
வணக்கம் சொல்லவில்லை.
என் காபிக் கோப்பையைக் கேட்காமலே நகர்த்தினாள்.
மெயின் சுவிட்சைத் தேடிப் பிடித்து
பையிலிருந்து தன் சொந்தப் பூட்டை எடுத்துப் போட்டாள்.
பிறகு வெகுநேரம் எதையும் தொடவில்லை.
ரிலேக்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள்,
மீன் வாங்குகிறவள் மாதிரி.
நாற்பதாவது நிமிடம் பழுதைக் காட்டினாள்.
கூடவே
வைடோடஸ் கெடுக்காத இன்னொரு பழுதையும்.

நான்காவது கேள்வி:
நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்.
"இங்கே முன்பு ஒருமுறை விண்ணப்பித்தது."

இழுப்பறைச் சாவி என் பையில்தான் இருந்தது.

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.
அதை எழுத அந்தத் தாளில் இடமில்லை,
அச்சடிக்கும்போது நானேதான் விடவில்லை.
மதிப்பெண்ணைக் கூட்டினேன். மறுபடி கூட்டினேன்,
எங்காவது தப்பியிருக்காதா என்று.

வெள்ளிக்கிழமை சொல்கிறோம் என்றிருந்தோம்.
வெள்ளிக்கிழமையே சொன்னோம், பதினாறு பேருக்கும்.
ஒரு "வாருங்கள்". பதினைந்து "இல்லை".
ஒவ்வொரு இல்லைக்கும் ஒரு காரணம், முழு வாக்கியத்தில்.
"ஒட்டுவாரா" என்ற சொல் இல்லாமல்
பதினைந்து கடிதம் எழுதி முடிக்க
இரவு ஒன்பதாகிவிட்டது.

படியில் இறங்கினேன், ஐந்து மாடி.
எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஏப்ரலிலிருந்து நிற்கிறது,
பார்க்க ஆளில்லாமல்.